கிஸ்ஸிங்கருக்கு நோபல் கொடுத்ததால்தான் டாம் லேரர் பாட்டை நிறுத்தினாரா?

28 ஜூலை 2025, காலை. ஒரு வாசகரின் கேள்வி
அமெரிக்காவின் டாம் லேரர் நேற்று முன்தினம் காலமாகிவிட்டார். வயது 97. பியானோ முன்னால் உட்கார்ந்துகொண்டு ஊரையே கிண்டலடித்த மனிதர். 1973இல், வியட்நாம் போர்க் காலத்து அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹென்றி கிஸ்ஸிங்கருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கொடுத்ததும், இனி நையாண்டிக்கு வேலை இல்லை என்று பாட்டையே விட்டுவிட்டாராம். அதற்கப்புறம் கணக்கு வாத்தியார் வேலை. இப்படி ஒரு திறமை வகுப்பறையில் வீணாய்ப் போய்விட்டதே! இங்கே கணக்கு சொல்லிக்கொடுக்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

28 ஜூலை, இரவு 10:40
ஒருவன் இருக்கிறேன். "வகுப்பறையில் வீணாய்ப் போனது" என்பதைப் படித்ததும் தோசையைப் பாதியில் வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

முதலில் தேதிகள். கிஸ்ஸிங்கருக்குப் பரிசு 1973இல். லேரரின் கடைசிப் புதுப்பாட்டுத் தொகுப்பு 1965 ஜூலையில் சான்பிரான்சிஸ்கோவின் 'ஹங்ரி ஐ' என்ற இரவு விடுதியில் பதிவானது. 1967இல் ஸ்காண்டிநேவியப் பக்கம் போய்ப் பாடினார். அத்தோடு கச்சேரி வாழ்க்கை ஏறக்குறைய முடிந்தது. 1972இல் அதிபர் வேட்பாளர் ஜார்ஜ் மெக்கவர்னின் தேர்தல் நிதிக்காகப் பாடியது தனிக்கதை. அதாவது பரிசு அறிவிப்பு வந்தபோது அவர் கடையை மூடிப் பல வருடம் ஆகியிருந்தது.

அரசியல் நையாண்டி அந்தப் பரிசோடு காலாவதியாகிவிட்டது என்று அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அதனால் நிறுத்தினேன் என்று சொன்னதில்லை, கேட்டவர்களிடம் மறுத்தும் இருக்கிறார். வசனம் நன்றாக அமைந்துவிட்டால் ஜனங்கள் காலண்டரைப் பார்ப்பதில்லை.

"வீணாய்" என்பதற்கு நாளை வருகிறேன். தோசை ஆறிவிட்டது.

29 ஜூலை, மாலை
அவர் யார் என்றே தெரியாமல் சிலர் கேட்டிருப்பதால் சுருக்கமாக.

1928 ஏப்ரல் 9ஆம் தேதி நியூயார்க்கின் மன்ஹாட்டனில் பிறந்தவர். யூதக் குடும்பம். 15 வயதில் ஹார்வர்டில் கணிதம் படிக்கச் சேர்ந்து 1946இல் இளங்கலை, 1947இல் முதுகலை முடித்துவிட்டார். படிக்கும்போதே நண்பர்களைச் சிரிக்க வைக்கப் பாட்டு எழுதினார். ஹார்வர்டின் கால்பந்து அணிக்கு 1945இல் எழுதிய பாட்டில், கண்ணியம் கெடாமல், எதிரணி மனம் நோகாமல் மூர்க்கமாகப் போரிடச் சொல்லுவார். 17 வயதுப் பையனின் குறும்பு அது. ஹார்வர்டு அதையே இன்றுவரை பெருமையாக வாசிக்கிறது.

1953 ஜனவரியில் பாஸ்டனில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்துக்கு 15 டாலர் கொடுத்து 12 பாட்டைப் பதிவு செய்தார். 10 அங்குலத் தட்டாக 400 அடித்து விற்றார். விளம்பரம் கிடையாது. விடுமுறைக்கு ஊருக்குப் போன ஹார்வர்டு மாணவர்கள் தட்டையும் பெட்டியில் வைத்துக்கொண்டு போனார்கள். அந்த ஊர்களிலிருந்தெல்லாம் தபாலில் கேட்டு எழுத ஆரம்பித்தார்கள். அப்படியே பரவி லட்சக்கணக்கில் விற்றது. மொத்தமாகப் பார்த்தால் இருபது வருடத்தில் ஒரு 37 பாட்டு, நூற்றுச் சொச்சம் மேடை. நம் ஊர் இசையமைப்பாளர்களுக்கு இது ஒரு வருடத்து வேலை.

என் கைக்கு வந்தது விடுதியில் ஒரு சீனியர் கொடுத்த கேசட். நகலின் நகல், பாதி இரைச்சல். மேல் உறையில் பால்பாயிண்ட் பேனாவில் 'கணக்கு ஜோக்ஸ்' என்று மட்டும் எழுதியிருந்தது. பாடகர் பெயர் இல்லை. வெகுகாலம் அது ஏதோ வெள்ளைக்காரப் பேராசிரியர் ஆண்டுவிழாவில் பாடியது என்றே நினைத்திருந்தேன். ரொம்பத் தூரமில்லை, இல்லையா?

29 ஜூலை, இரவு
மேலே ஒருவர் கேட்டதற்கு: இல்லை, ராக்கெட் விஞ்ஞானி வெர்னர் வான் பிரவுன் லேரர்மேல் வழக்குப் போடவில்லை. நஷ்ட ஈடாக ராயல்டி முழுவதும் போய்விட்டது என்பதும் கட்டுக்கதை. லேரரே மறுத்திருக்கிறார்.

வான் பிரவுனைப் பற்றிய பாட்டு மட்டும் உண்மையிலேயே விஷம். ஹிட்லர் லண்டன்மேல் விட்ட வி-2 ராக்கெட்டை வடிவமைத்தவர் பிறகு அமெரிக்காவுக்கு நிலா ராக்கெட் கட்டினார் அல்லவா? ராக்கெட் மேலே போவதுதான் என் வேலை, எங்கே விழுகிறது என்பது வேறு இலாகா என்று அவர் வாயாலேயே சொல்ல வைக்கிறார். அலுவலகத்தில் வேலை பார்த்தவர் எவருக்கும் அந்த வரி உறைக்கும்.

31 ஜூலை
இப்போது "வீணாய்". 'நியூ மேத்' என்ற பாட்டை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இதை ஒரு வெறும் பாடகர் எழுதியிருக்க முடியாது.

பின்னணி இது: 1957இல் ரஷ்யா ஸ்புட்னிக்கை விட்டதும் அமெரிக்கா பதறிப்போய்ப் பள்ளிக் கணிதத்தைத் தலைகீழாக மாற்றியது. சின்னப் பிள்ளைகளுக்குக் கணங்கள், எட்டடிமான எண்கள் (பத்து பத்தாக இல்லாமல் எட்டு எட்டாக எண்ணும் முறை) எல்லாம் வந்தன. பெற்றோருக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்க முடியவில்லை. நமக்கும் அந்த அலை அடித்தது. பத்தாம் வகுப்புப் புத்தகத்தின் முதல் பாடமே 'கணங்களும் சார்புகளும்' என்று இருந்ததே, அந்தக் குடும்பத்துச் சரக்குதான்.

பாட்டில் ஒரே ஒரு கணக்கு, 342இலிருந்து 173ஐக் கழிக்க வேண்டும். முதலில் பழைய முறை. அங்கேயே ஒரு நுணுக்கம் வைத்திருக்கிறார். 35 வயதுக்குக் கீழே என்றால் இப்படிச் சொல்வீர்கள், மேலே என்றால் அப்படிச் சொல்வீர்கள் என்று இரண்டு விதமாகப் போட்டுக் காட்டுவார். இதைக் கேட்டபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். ஏனென்றால் எங்கள் வீட்டில் நடந்த சண்டை அதுதான். நான் பள்ளியில் கற்றது கடன் வாங்கிக் கழிப்பது: 12இல் 3 போனால் 9, பக்கத்து 4 கடன் கொடுத்து 3 ஆகிவிட்டது, அது 13 ஆனதும் 7 போனால் 6. அப்பா கற்றது வேறு: மேலே கை வைக்காதே, கீழே ஒன்றைக் கூட்டு, 7 இப்போது 8, 14இல் 8 போனால் 6. விடை ஒன்றுதான், 169. ஆனால் அப்பாவுக்கு என் முறை ஏமாற்று வேலை, எனக்கு அவர் முறை மந்திரவாதம். இரண்டும் ஏன் சரி என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. லேரர் அரை நிமிடத்தில் அந்தச் சண்டையை நக்கலடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்.

அடுத்தது அதே கணக்கை எட்டடிமானத்தில் போடுவது. இரண்டு விரல் இல்லாதவர்களுக்குப் பத்தடிமானம் எப்படியோ அப்படித்தான் இது என்கிறார். போட்டுப் பாருங்கள்: 2இல் 3 போகாது. பக்கத்தில் கடன் வாங்கினால் கிடைப்பது எட்டு, பத்து இல்லை. எட்டும் இரண்டும் பத்து, மூன்று போனால் 7. 4 இப்போது 3. அதில் 7 போகாது. இன்னொரு எட்டு வாங்கினால் பதினொன்று, ஏழு போனால் 4. 3 இப்போது 2, ஒன்று போனால் 1. விடை 147. சரிபார்க்க: எட்டடிமான 342 என்பது நமக்கு 226, 173 என்பது 123, வித்தியாசம் 103. 64, 32, 7 கூட்டினால் அதே 103. பியானோ வேகத்தில் மூச்சு விடாமல் இத்தனையும் பாடுகிறார், ஒரு இடத்திலும் தப்பு இல்லை.

கணினிப் பிரிவு மாணவர்களுக்கு இதைப் போட்டுக் காட்டியிருக்கிறேன். லினக்ஸில் கோப்புக்கு அனுமதி கொடுக்க 755 என்று அடிக்கிறார்கள், அது எட்டடிமானம் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. பாட்டு முடிந்ததும் ஒரு பெண் எழுந்து, "அப்போ 755ஐ சாதாரண எண்ணாகப் பார்த்தால் என்ன சார்?" என்றாள். 493. என் வகுப்பில் கேள்வி வந்த அபூர்வ நாள்களில் ஒன்று.

1 ஆகஸ்ட்
'நியூ மேத்' பற்றி இன்னொன்று. முன்னுரையில் அவர் அடிக்கிற ஜோக், இந்தப் புது முறையில் சரியான விடை முக்கியமில்லை, என்ன செய்கிறோம் என்று புரிவதுதான் முக்கியம் என்பது. கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

விடைத்தாள் திருத்தும் மையத்தில் உட்கார்ந்து யோசித்தால் சிரிப்பு வராது. நாம் கொடுக்கும் ஸ்டெப் மார்க் அதுதானே. விடை தப்பு, வழி சரி, எட்டுக்கு ஆறு போடு. வழியை மனப்பாடம் செய்துவிட்டு எண்களை மட்டும் மாற்றிப்போடும் பிள்ளைக்கும் அதே ஆறு. அந்த ஜோக்கில் அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை. கிண்டலடிக்கிற பாட்டுதான், ஆனால் கேட்டு முடிக்கும்போது இடமதிப்பு புரிந்துவிடுகிறது.

3 ஆகஸ்ட்
"முனைவர் பட்டம் இல்லாமல் எப்படிப் பல்கலைக்கழகத்தில் வேலை?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி, இன்றைக்கு நம் ஊரில் வாசல்படி ஏறவிட மாட்டார்கள்.

ஹார்வர்டு, எம்ஐடி, வெல்ஸ்லி என்று பாஸ்டன் வட்டாரத்தில் விரிவுரையாளராக இருந்தார். எம்ஐடியில் அரசியல் அறிவியல் துறையில், சமூக அறிவியல் மாணவர்களுக்குப் புள்ளியியல் பக்கத்துக் கணிதம். 1972இலிருந்து 2001 வரை கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகம். அங்கே இரண்டு பாடம் எடுத்தார். ஒன்று, கணிதம் என்றாலே ஓடும் கலைப்பிரிவு மாணவர்களுக்கு, கணிதத்தின் இயல்பு பற்றி. மற்றொன்று அமெரிக்க இசை நாடகம். குளிர்காலத்தை அங்கே கழித்துவிட்டு மீதி நாள் மாசசூசெட்ஸ் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பிவிடுவார். பனியிலிருந்து தப்பிக்கச் சம்பளத்தோடு வழி கண்டுபிடித்த கெட்டிக்காரர்.

ஆய்வேட்டை 1965 வரை இழுத்தார், புள்ளியியலில் முகடு, அதாவது அதிக முறை வரும் மதிப்பு பற்றியது. முடிக்கவே இல்லை. தனக்கு ஆராய்ச்சி மாணவனாக இருப்பதுதான் பிடித்தது, பட்டம் வாங்கிவிட்டால் மாணவனாக இருக்க முடியாதே என்பது அவர் கட்சி. நானும் பாதியில் விட்டவன். என் கதை இவ்வளவு அழகாக இல்லை. என் வழிகாட்டியின் மேசையில் இரண்டாம் அத்தியாயம் தேநீர்க் கறையோடு கிடந்த காலத்தில் ஊரில் ஒரு பாலமே கட்டி முடித்துத் திறந்துவிட்டார்கள். பெயரெல்லாம் வேண்டாம், மனுஷர் நல்லவர், படிக்கத்தான் நேரமில்லை. லேரர் மகிழ்ச்சியாக முடிக்காமல் விட்டார் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

4 ஆகஸ்ட்
தனிமங்கள் பாட்டைப் பற்றி ஏன் பேசவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது, அதைத்தான் எல்லோரும் பேசுகிறார்களே. ஆர்தர் சல்லிவனின் பழைய இசை நாடக மெட்டு ஒன்றில், அப்போது தெரிந்திருந்த 102 தனிமங்களின் பெயரையும் அடுக்கிவிட்டார். 1959இல் அவ்வளவுதான், இன்று 118. அணு எண் வரிசை கிடையாது, எதுகைக்குத் தோதான வரிசை. வேதியியல் படிக்க உதவுமா என்றால் உதவாது. அரிஸ்டாட்டில் காலத்துப் பதிப்பு என்று இன்னொன்றும் பாடுவார்: மண், காற்று, நெருப்பு, நீர். பாட்டு முடிந்தது. எனக்குப் பிடித்தது அந்தப் பதிப்புதான்.

7 ஆகஸ்ட்
லோபசெவ்ஸ்கி. கேசட்டில் எனக்கு முதலில் பிடித்ததும், பிறகு கொஞ்சம் சங்கடப்படுத்தியதும் இதுதான்.

ஒரு ரஷ்யக் கணிதர் பேசுகிறார்: வாழ்க்கையில் முன்னேறிய ரகசியம் என்ன? அடுத்தவன் எழுதியதைக் காப்பியடி, எதையும் விட்டுவைக்காதே, ஆனால் அதற்கு ஆராய்ச்சி என்று பெயர் வை. இதைக் குருவாக இருந்து தனக்குக் கற்றுத்தந்தவர் நிகோலாய் லோபசெவ்ஸ்கி என்கிறார். என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் இதைக் கேட்டுவிட்டுச் சிரிக்காமல், "உண்மைதானே, இதில் ஜோக் எங்கே?" என்றார்.

சங்கடம் என்னவென்றால், உண்மையான லோபசெவ்ஸ்கி (1792-1856) யாரையும் காப்பியடித்தவர் இல்லை. கசானில் உட்கார்ந்துகொண்டு, ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியாக அதற்கு இணையாக ஒன்றுக்கு மேற்பட்ட கோடு போகலாம் என்று வைத்து ஒரு முழு வடிவியலையே கட்டியவர். ஹங்கேரியில் போயாய் என்ற கணிதரும் தனியாக அதே இடத்துக்கு வந்தார். வாழ்ந்த காலத்தில் ரஷ்யாவில் அந்த வடிவியலை மதித்தவர்கள் குறைவு. செத்த பிறகு நியூயார்க்குப் பையன் ஒருவன் திருடன் பட்டம் கட்டிவிட்டான். பெயரின் ஓசைக்காக எடுத்தேன், அவரைப் பழிக்க இல்லை என்று லேரர் விளக்கம் சொல்லியிருக்கிறார். பாட்டின் பாணியும் டேனி கே என்ற நடிகர் ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கியை வைத்துச் செய்த ஒன்றிலிருந்து வந்தது. அதாவது, காப்பியடிப்பது பற்றிய பாட்டே கொஞ்சம் காப்பி.

7 ஆகஸ்ட், நள்ளிரவு
எழுதாமல் தூக்கம் வரவில்லை, இதன் இரண்டாம் பாகம் ரொம்ப ருசி.

1955 முதல் 1957 வரை லேரர் ராணுவத்தில். கொரியப் போர் முடிந்து, ஆபத்து இல்லை என்று தெரிந்த பிறகு போனதாக அவரே சொல்வார். ஆளைக் கொண்டுபோய் வைத்தது தேசியப் பாதுகாப்பு முகமையில், சங்கேதம் உடைக்கும் இடம். முகாமில் மதுவுக்குத் தடை. ஜெல்லியில் வோட்காவைக் கலந்து உறைய வைத்து உள்ளே கொண்டுபோனேன், அந்தப் பழக்கத்தைத் தொடங்கியது நான்தான் என்று பிற்காலத்தில் உரிமை கொண்டாடினார்.

அங்கே ஃபேகன் என்பவரோடு சேர்ந்து 1957இல் ஒரு ஆய்வறிக்கை எழுதினார், சூதாடி ஓட்டாண்டியாவது பற்றியது. எதிராளி கொஞ்சம் இரக்கமுள்ளவனாக இருந்தால் என்ன ஆகும் என்று தலைப்பிலேயே இருக்கிறது. (அடிப்படைக் கணக்கு எளிது. நியாயமான ஆட்டமே ஆனாலும், உங்கள் கையில் குறைந்த பணமும் எதிரில் வற்றாத கஜானாவும் இருந்தால், ஆடிக்கொண்டே இருந்தால் கடைசியில் உங்கள் கை காலியாவது நிச்சயம். ஆன்லைன் ரம்மி விளையாடும் என் மாணவர்களுக்கு இதைத்தான் கரும்பலகையில் போட்டுக் காட்டுகிறேன்.) அந்த அறிக்கையின் மேற்கோள் பட்டியலில் நடுவே ஒரு லோபசெவ்ஸ்கி கட்டுரை, 'வெளியாகாதது' என்ற குறிப்போடு. அப்படி ஒரு கட்டுரை கிடையாது. அது அவர் பாட்டில் வரும் பொய்த் தலைப்பு! உளவுத்துறைக்காரர்கள் மூக்குக்குக் கீழே ஒளித்துவைத்துவிட்டு வாயைத் திறக்கவில்லை. வெளியுலகம் அதைக் கவனிக்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

கேட்டவர்களுக்காகச் சொல்கிறேன், உருப்படியான கட்டுரையும் உண்டு. 1957, 1958இல் சமவாய்ப்பு, புள்ளியியல் சார்ந்து கூட்டாக எழுதியவை ஆய்விதழ்களில் வந்திருக்கின்றன.

10 ஆகஸ்ட்
கேள்வியை ஆரம்பித்தவர் திரும்ப வந்து கேட்கிறார்: "கிஸ்ஸிங்கர் காரணமில்லை என்றால் எதற்குத்தான் நிறுத்தினார்?"

மேடை பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். எழுதுவது பிடித்தது. தட்டில் பதிவு செய்தாயிற்று, இனி எதற்கு ஊர் ஊராகப் போய் அதையே பாட வேண்டும்? நாவல் எழுதியவரை ஒவ்வொரு ராத்திரியும் மேடையேறி அதே நாவலை வாசிக்கச் சொல்வது மாதிரி என்று அவரே சொல்லியிருக்கிறார். கைதட்டலுக்கு ஏங்கும் சுபாவம் இல்லாத ஒரு மனிதர் கைதட்டல் தொழிலில் மாட்டிக்கொண்டு, கொஞ்சநாள் கழித்துக் கழன்றுகொண்டார். கணிதக்காரனுக்கு இது புரியும். ஒரு தேற்றத்தை நிறுவியாகிவிட்டது, எழுதிவைத்தாகிவிட்டது. மறுநாள் ராத்திரி எட்டு மணிக்கு மறுபடி நிறுவச் சொன்னால் எரிச்சல் வரும்.

10 ஆகஸ்ட், இரவு
கோவை நண்பர் மடக்கிவிட்டார்: "நீங்கள் வருஷா வருஷம் அதே தேற்றத்தைத்தானே நிறுவுகிறீர்கள்? அவரும் சாண்டா குரூஸில் அதைத்தானே செய்தார்?"

12 ஆகஸ்ட்
கோவை நண்பரின் கேள்வி இரண்டு நாள் குடைந்தது.

என் பதில், இப்போதைக்கு: பாட்டுக்கு நேரக்கணக்கு உண்டு. லேரரின் பாட்டில் வேடிக்கை எல்லாம் எதுகையிலும் அரை நொடி நிறுத்தத்திலும் இருக்கிறது, அதை ஒவ்வொரு முறையும் அச்சுப் பிசகாமல் செய்தாக வேண்டும். நடுவில் ஒருவன் கையைத் தூக்கினால் பாட்டு செத்தது. வகுப்பு அப்படியில்லை. கை தூக்கினால்தான் வகுப்பே தொடங்குகிறது. போன வருடம் தூங்கிய இடத்தில் இந்த வருடம் கேள்வி வரும்.

எழுதிவிட்டுப் பார்த்தால் ரொம்ப அழகாக இருக்கிறது, அதனால் சந்தேகமாகவும் இருக்கிறது. என் வகுப்புகளில் பாதி வெறும் கேசட்தான். சில வருடம் ஒரே உதாரணம், ஒரே ஜோக், ஒரே இடத்தில் சாக்பீஸ் உடைவதுகூட. ஆனாலும் மறுபடி போவதற்கு அலுப்பாக இருந்ததில்லை. அவருக்கும் இருந்திருக்காது, இல்லாவிட்டால் பணத்தேவைக்காக இல்லாமல் 73 வயது வரை எதற்கு வகுப்புக்குப் போக வேண்டும்? சும்மாவும் இருந்துவிடவில்லை. 1971இல் தொடங்கிய 'எலக்ட்ரிக் கம்பெனி' என்ற குழந்தைகள் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு, ஆங்கில வார்த்தையின் கடைசியில் வரும் ஓசையில்லாத எழுத்தைப் பற்றியெல்லாம் பாட்டு எழுதிக்கொடுத்தார். அதுவும் பாடம் நடத்துவதுதானே.

15 ஆகஸ்ட்
விடுமுறை. கொஞ்சம் அரசியல்.

1965 தட்டில் அணுகுண்டு பற்றி ஒரு பாட்டு. அமெரிக்கா, ரஷ்யா, பிரான்சு, சீனா என்று யார் யாரிடம் வந்தது, அடுத்தது யார் என்று பட்டியல் போடுவார். இந்தோனேசியா, தென்னாப்பிரிக்கா, எகிப்து, இஸ்ரேல், போகிற போக்கில் லக்சம்பர்க், மொனாக்கோ வரை வரும். கடைசியாக அமெரிக்காவுக்குள்ளேயே இருக்கும் அலபாமா மாநிலம். நிறவெறிக் காலத்து அலபாமா என்று ஞாபகம் வைத்துக்கொண்டு கேளுங்கள். அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. ஒன்பது வருடத்தில் பொக்ரான். லக்சம்பர்க்கைச் சந்தேகித்தவர் நம்மைச் சந்தேகிக்கவில்லையே என்று முதலில் கேட்டபோது லேசாக ரோஷம் வந்தது.

சகோதரத்துவ வாரம் பற்றிய பாட்டில் இந்துக்கள் முஸ்லிம்களை வெறுப்பதும் ஒரு வரியாக வருகிறது, புராட்டஸ்டன்ட்-கத்தோலிக்கருக்கு அடுத்தபடியாக. அங்கே நம்மை மறக்கவில்லை.

தன் பக்கத்து ஆள்களையும் விடமாட்டார். கிட்டார் தூக்கிக்கொண்டு அநீதிக்கு எதிராகப் பாடும் நாட்டுப்பாடல்காரர்களைக் கிண்டலடித்த பாட்டு, அவரே இடதுசாரிப் பக்கம் சாய்ந்தவர் என்பதால் கூடுதலாகக் குத்தும். நையாண்டியால் ஏதாவது மாறுமா என்று கேட்டால் ஆங்கில நகைச்சுவையாளர் பீட்டர் குக் சொன்னதை எடுத்துக்காட்டுவார்: 1930களின் பெர்லின் நையாண்டி அரங்குகள் ஹிட்லரைத் தடுத்து நிறுத்தியது மாதிரி!

எல்லாமே இன்றும் நிற்கிறதா என்றால் இல்லை. ஹூபர்ட் ஹம்ஃப்ரி, ஜார்ஜ் மர்ஃபி என்ற அன்றைய அமெரிக்க அரசியல்வாதிகள் பற்றிய பாட்டுக்கெல்லாம் அடிக்குறிப்பு வேண்டும். தூதர் வேலைக்கு முன்னால் மரைன் படையை அனுப்பும் பாட்டுக்கு மட்டும் இன்னும் அடிக்குறிப்பு தேவைப்படவில்லை.

16 ஆகஸ்ட்
சின்ன உபரித் தகவல்கள், நேற்று விட்டவை. 1954இல் பிபிசி அவருடைய முதல் தட்டின் 12 பாட்டில் 10ஐ ஒலிபரப்பத் தடை போட்டது. 1957இல் லண்டன் பல்கலைக்கழகம் இளவரசி மார்கரெட்டுக்குக் கௌரவ இசைப் பட்டம் கொடுத்தபோது, வாழ்த்துரையில் இளவரசியின் ரசனைக்குச் சான்றாக மோட்சார்ட்டோடு லேரர் பெயரையும் சேர்த்துச் சொன்னார்கள். அங்கே விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. பிபிசி விரட்டியதை அரண்மனை வாங்கிக் கேட்டது.

பத்திரிகைகள் திட்டினால் அந்தத் திட்டையே எடுத்துத் தட்டின் உறையில் அச்சடிப்பார். நல்ல பழக்கம்.

20 ஆகஸ்ட்
முதலாண்டு மாணவர்களுக்கு எல்லை (லிமிட்) வரையறை நடத்தும் பருவம். அதனால் எப்சிலான்-டெல்டா. சார்பின் மதிப்பு எல்லையிலிருந்து எவ்வளவு விலகலாம் என்பது எப்சிலான், அதற்கு உள்ளே போடும் எண் புள்ளிக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது டெல்டா.

ஒவ்வொரு வருடமும் நடப்பது: வரையறையை எழுதச் சொன்னால் பாதிப் பேர் "ஒரு டெல்டா இருக்கிறது, எல்லா எப்சிலானுக்கும்..." என்று தலைகீழாக எழுதுவார்கள். வரிசை மாறினால் அர்த்தமே மாறிவிடுகிறது. சவால் முதலில், பதில் பிறகு. எப்சிலானை எதிராளி தருவான், அதற்கேற்ற டெல்டாவை நாம் கண்டுபிடிக்க வேண்டும். எல்லா எப்சிலானுக்கும் ஒரே டெல்டா என்றால் சார்பு அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் மாறிலியாகவே ஆகிவிடும், வேடிக்கை போய்விடும்.

லேரர் இதற்கு ஒரு கலிப்சோ (கரீபியத் தீவுகளின் பாட்டு வகை) எழுதியிருக்கிறார். 1974இல் 'அமெரிக்கன் மேதமேட்டிகல் மன்த்லி' என்ற கணித மாத இதழில் அச்சானது. ஒவ்வொரு எப்சிலானுக்கும் ஒரு டெல்டா உண்டு என்பதுதான் பல்லவி. ஆங்கில வரியில் டெல்டா முன்னால் வந்தாலும் பொருள் அச்சாகச் சரி. பாடத் தெரிந்தவன் பரீட்சையில் தப்பு செய்ய மாட்டான். அப்புறம் ஒரு நிபந்தனை, எப்சிலான் நேர்மமாக இருக்க வேண்டும். மற்ற எப்சிலான்கள் துணையில்லாமல் தனிமையில் வாடுகின்றனவே, எவ்வளவு கொடுமை என்று பாட்டே உருகும். கணித ரீதியாக அப்பட்டமான உண்மை. தூரம் என்பது எதிர்மத்தைவிடச் சிறிதாக ஆக முடியாது, எந்த டெல்டாவும் உதவாது. "எப்சிலான் ஏன் பூச்சியத்தைவிடப் பெரியதாக இருக்க வேண்டும்?" என்ற கேள்விக்கு நான் பத்து வரி எழுதுவேன். அவர் ஒரு ஒப்பாரியில் முடித்துவிட்டார்.

1997இல் இர்விங் கப்லான்ஸ்கி என்ற கணிதரின் 80ஆவது பிறந்தநாள் விழாவில் இந்த மாதிரிப் பாட்டுகளைப் பாடிய காணொளி கிடைக்கிறது. பார்வையாளர்கள் எல்லாம் கணிதக்காரர்கள். கச்சேரி வேண்டாம் என்று முப்பது வருடம் ஒதுங்கிய மனிதரின் முகத்தில் எவ்வளவு சந்தோஷம் பாருங்கள். கேள்வி கேட்ட நண்பர் குறிப்பாகப் பார்க்க வேண்டும். பத்தாயிரம் பேர் அரங்கத்தைவிட அந்தச் சின்னக் கூட்டம்தான் அவருக்கு வேண்டியிருந்தது என்று எனக்குப் படுகிறது.

2 செப்டம்பர்
ஒரு மாணவி எழுதியிருக்கிறாள்: கல்லூரிக் கணித மன்ற விழாவில் அந்த டெல்டா பாட்டைத் தமிழில் பாட ஆசை, அனுமதி யாரிடம் வாங்குவது, பணம் கட்ட வேண்டுமா?

யாரிடமும் வேண்டாம், அம்மா. 2020 அக்டோபரில், 92 வயதில், தன் வரிகளைப் பொதுச்சொத்தாக விட்டார். 2022 நவம்பரில் இசை உட்பட மீதி உரிமையையும் துறந்தார். பாடலாம், பதிவு செய்யலாம், மெட்டை மாற்றலாம், வரியை மாற்றலாம், மொழிபெயர்ப்பு உரிமையும் சேர்த்துத்தான். எடுத்துக்கொள்ளுங்கள், எனக்குக் காசு அனுப்பாதீர்கள் என்கிற பொருளில்தான் அறிவிப்பையே முடித்திருந்தார். ஒரே ஒரு எச்சரிக்கை: வேறு ஒருவரின் மெட்டுக்கு அவர் வரி எழுதிய பாட்டு என்றால் அந்த மெட்டின் உரிமை தனி. சல்லிவன் செத்து நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று, தனிமங்கள் பாட்டுக்குப் பயமில்லை.

கலிப்சோ தாளம் உங்கள் கல்லூரி டிரம்ஸ் பையனுக்கு வராவிட்டால் நம் ஊர்க் கும்மி மெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். எதுகைக்காக "ஒவ்வொரு எப்சிலானுக்கும்" என்பதைப் பின்னால் தள்ளிவிடாதீர்கள். விழா என்றைக்கு என்று இங்கே போடுங்கள், மாலையில் என்றால் பேருந்து பிடித்து வருகிறேன்.